கடலைத் தூர்த்து நகரம் கண்டோர்



ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்பறையில் நுழைந்த நாள் தொடங்கி ஓய்வு பெற்ற நாள் வரை வரலாற்றுப் பாடம் கற்பிப்பதே நம் பணியாக இருந்தது. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் பம்பாய் நகரம் வளர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். மருத்துவமனை கட்டியவர், பாலம் அமைத்தவர், நூலகம் தந்தவர் என்று வணிகப் பெருமக்களை வரிசையாகப் புகழ்ந்துரைத்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், அவர்களுக்கு அவ்வளவு பணம் எப்படி வந்தது?" என்று வினவினாள். கடல் வாணிகத்தால் வந்தது என்றோம். "எதை விற்றார்கள்?" என்றாள். பருத்தி என்றோம், சற்றுத் தயங்கி, அபினியும் உண்டு என்றோம். "அபினி விற்ற பணத்தில் செய்தால் அது தானம் ஆகுமா, டீச்சர்?" என்றாள் அவள். அந்நேரம் மணி அடித்தது. அதையே சாக்காகக் கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

அவ்வினாவுக்கு விடை கூறாத குறை நெடுங்காலம் நெஞ்சில் இருந்து வருகின்றது. இக்கட்டுரை அம்மாணவிக்கு நாம் காலந்தாழ்த்தித் தரும் விடையாகும். நகரை உருவாக்கிய முன்னோடிகளுள் நம் சமயத்தைச் சார்ந்த இருவர் இருப்பதால் இதனை இவ்விதழ் வாயிலாகச் சொல்வது பொருத்தமே. முதலில் வரலாற்றைக் காண்போம்; பின்னர் வினாவிற்கு வருவோம்.

ஏழு தீவுகள்

இன்று மும்பை எனப்படும் நகரம் இருக்குமிடத்தில் முன்பு ஒரே நிலப்பரப்பு இருக்கவில்லை. கொலாபா, சிறு கொலாபா, பம்பாய், மஜகாவ், பரேல், வொர்லி, மாஹிம் என ஏழு தீவுகள் இருந்தன. கடல் பொங்கும் வேளையில் இடைப்பட்ட தாழ்நிலம் நீரில் மூழ்கும். வடியும் வேளையில் சேறும் சதுப்பும் தோன்றும். கோலி எனப்படும் மீனவ மக்கள் அங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்தனர். அவர்கள் வழிபட்ட மும்பாதேவியின் பெயரே நகருக்கும் பெயராயிற்று. 1995ஆம் ஆண்டில் 'பம்பாய்' என்னும் பெயர் நீக்கப்பெற்று 'மும்பை' என்பதே அதிகாரமுறைப் பெயராயிற்று. இக்கட்டுரையில் பழங்காலச் செய்திகளைக் கூறுமிடத்துப் பம்பாய் என்றே குறிக்கின்றோம்.

1534இல் குஜராத்துச் சுல்தான் பகதூர் ஷா இத்தீவுகளைப் போர்ச்சுகீசியரிடம் ஒப்படைத்தார். 1661இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் போர்ச்சுகல் இளவரசி காதரீனுக்கும் நடந்த மணவுடன்படிக்கையில் பம்பாய் சீதனமாகச் சேர்க்கப்பட்டது. 1668இல் மன்னர் அதனை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ஆண்டுக்குப் பத்துப் பவுன் மட்டுமே பெறுமான இடமாக அன்று அது எண்ணப்பட்டது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

வாக்குறுதி தந்த ஆளுநர்

1669 முதல் 1677 வரை ஆளுநராக இருந்த ஜெரால்டு ஆங்கியர் என்பவரே இவ்விடம் ஒரு நகரமாகக் கூடும் என்று முதலில் கண்டவர். கோட்டையும் பீரங்கியும் மட்டும் நகரை ஆக்கா. நகருக்கு மக்கள் வேண்டும். அக்காலத்தில் மேலைக் கடற்கரையின் பெருவணிகம் முழுவதும் சூரத்து நகரில் இருந்தது. அங்கிருந்த வணிகர்கள் சதுப்பும் நோயும் மிக்க தீவிற்கு எதை நம்பி வருவார்கள்?

ஆங்கியர் அவர்களுக்கு மூன்றினை அளித்தார். ஒன்று, அவரவர் சமயத்தை அவரவர் பின்பற்றும் உரிமை. இரண்டு, 1672இல் நிறுவிய நீதிமன்றம். மூன்று, ஒவ்வொரு சமூகத்தாரும் தம் வழக்குகளைத் தம் பஞ்சாயத்தார் வாயிலாகத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம். இவை கம்பெனியின் தாராள மனத்தால் வந்தவை என்று கருதுதல் வேண்டா. மக்கள் குடியேறினால்தான் வரி பெருகும் என்பது அவர்கள் கணக்கு. ஆயினும் அக்கணக்கினால் விளைந்த பயன் பெரிது.

நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. 1677இல் தியூ நகரத்து வணிகரான நீமா பாரக் என்பவர், குடியேறுவதற்கு முன் கம்பெனியிடம் எழுத்து வடிவில் சில உறுதிமொழிகளைக் கேட்டுப் பெற்றார். தம் சமயத்தைத் தடையின்றிப் பின்பற்றலாம். இறந்தோரைத் தம் முறைப்படி எரியூட்டலாம். எவரையும் வலிந்து மதம் மாற்றலாகாது. தம் மனை எல்லைக்குள் எவரும் எவ்வுயிரையும் கொல்லலாகாது என்பன அவற்றுள் அடங்கும். வரிச் சலுகையோடு உயிர்ப் பாதுகாப்பையும் நிபந்தனையாக வைத்துக் குடியேறிய வணிகரை வரலாற்றில் நாம் பலமுறை காண்பதில்லை. 1661இல் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆங்கியர் காலத்திற்குள் அத்தொகை பன்மடங்கு பெருகியது. 1687இல் கம்பெனி தன் மேலைத் தலைமையிடத்தைச் சூரத்திலிருந்து பம்பாய்க்கு மாற்றியது.

தேக்கில் எழுந்த கப்பல்கள்

துறைமுகம் இருந்தால் மட்டும் போதாது. கப்பல் கட்டவும் பழுது பார்க்கவும் துறை வேண்டும். 1736இல் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர், சில தொழிலாளருடன் பம்பாய்க்கு அழைத்துவரப்பட்டார். பார்சிகள் என்போர் பாரசீகத்திலிருந்து பன்னூறு ஆண்டுகளுக்கு முன் குஜராத்துக் கரையில் குடியேறிய சரதுஷ்டிர சமயத்தார். லவ்ஜியின் மேற்பார்வையில் 1750இல் ஓர் உலர் கப்பல்துறை அமைந்தது. கப்பல் உள்ளே வந்தபின் கதவை அடைத்து நீரை வெளியேற்றி, அடிப்பாகத்தில் நின்று வேலை செய்யும் ஏற்பாடு அது. ஆசியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது.

லவ்ஜியின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அத்துறையின் தலைமைத் தச்சராக விளங்கினர். மலபார்த் தேக்கினால் அவர்கள் கட்டிய கப்பல்கள் ஐரோப்பியக் கருவாலி மரக் கப்பல்களைவிட நீண்டநாள் உழைத்தன. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா 1810இல் கட்டிய 'மிண்டன்' என்னும் போர்க்கப்பலும், 1813இல் கட்டிய 'கார்ன்வாலிசு' என்னும் போர்க்கப்பலும் ஆங்கிலக் கடற்படையில் சேர்ந்தன. திருகோணமலையின் பெயர் தாங்கி 1817இல் பம்பாயில் நீரில் இறங்கிய 'டிரிங்கோமாலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அருங்காட்சியகமாக மிதந்துகொண்டிருக்கின்றது. 'கார்ன்வாலிசு' என்னும் பெயரை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்க. அதனை மீண்டும் சந்திப்போம்.

கடலை அடைத்த கரை

தீவுகளுக்கு இடையே கடல்நீர் புகும் வழிகளுள் மிகப் பெரியது வொர்லிக்கும் பம்பாய்த் தீவிற்கும் நடுவில் இருந்தது. 1771 முதல் 1784 வரை ஆளுநராக இருந்த வில்லியம் ஹார்ன்பி அதனை அடைக்கக் கரை கட்டினார். 'ஹார்ன்பி வெல்லார்டு' என்று அது வழங்கலாயிற்று. வேலி எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லே வெல்லார்டு எனத் திரிந்தது. இலண்டனிலிருந்த மேலிடத்தார் செலவுக்கு இசையவில்லை என்றும், பணியை நிறுத்துமாறு வந்த மடலை ஹார்ன்பி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கரையைக் கட்டி முடித்தார் என்றும் அந்நகரில் ஒரு கதை வழங்குகிறது.

கதை எவ்வாறாயினும் கரை நின்றது. அதற்குப் பின்னாலிருந்த சதுப்பு நிலம் மெல்ல மெல்ல வற்றி மேடாயிற்று. தார்தேவ், பைகுல்லா, காமாட்டிபுரம் முதலிய பகுதிகளில் மக்கள் குடியேறினர். 1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் நிறுவிய கம்பெனியின் பஞ்சாலை 1856இல் நூல் நூற்கத் தொடங்கியதும் அந்தத் தார்தேவில்தான். ஹாஜி அலி அருகே இன்று ஓடும் லாலா லஜபதி ராய் சாலை அப்பழைய கரையின் மேலேயே செல்கின்றது.

இங்கே நாம் சற்று நின்று, மண் சுமந்தவர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காமாட்டிபுரம் என்னும் பெயர், தெலுங்கு நாட்டிலிருந்து வந்து கூலிவேலை செய்த காமாட்டி மக்களால் வந்தது. ஆளுநர் பெயர் கரைக்கு வந்தது. கூடை சுமந்தவர் பெயர் ஒரு தெருத் தொகுதிக்கு மட்டும் வந்தது. தனித்தனியே அவர்தம் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கடல் தூர்ந்தபோது கோலி மக்களின் மீன்பிடி நீர்வழிகளும் தூர்ந்தன. நகரை உருவாக்கியோர் பட்டியலில் இவர்களையும் சேர்த்தே கற்பித்தல் முறையாகும்.

இரு நண்பர்கள்

ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1783இல் பிறந்த பார்சி. இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். பதினாறு வயதளவில் சீனத்துக்கு முதற் பயணம் மேற்கொண்டார். பின்னர்த் தாமே நிறுவனம் தொடங்கிப் பெருஞ்செல்வர் ஆனார். அவருடைய கூட்டாளிகளுள் ஒருவர் சமணர், மற்றொருவர் இசுலாமியர். சமணக் கூட்டாளியின் பெயர் மோதிசந்த் அமிசந்த். மக்கள் அவரை மோதிஷா சேட் என்று அழைத்தனர்.

சுவேதாம்பர மரபினரான மோதிஷா 1828இல் பைகுல்லாவில் ஆதிநாதருக்கு ஜினாலயம் எழுப்பினார். சத்ருஞ்சய மலையில் இரு முகடுகளுக்கு இடையே இருந்த ஆழ்ந்த பள்ளத்தைத் தூர்த்து, அதன் மேல் பெருங்கோயில் தொகுதி ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கடலைத் தூர்த்த நகரத்தவர் மலைப்பள்ளத்தையும் தூர்த்தார். ஆனால் பிரதிட்டை காண அவர் இருக்கவில்லை. 1836இல் அவர் மறைய, மறு ஆண்டில் அவர் மகன் கீம்சந்த் அதனை நிறைவேற்றினார்.

1832இல் ஆங்கில அரசினர் தெருநாய்களைக் கொல்ல ஆணையிட்டுக் கொன்றவர்க்குப் பரிசும் தந்தனர். பார்சிகள் கொதித்தெழுந்தனர், நகரில் கடைகள் அடைக்கப்பட்டன. இதன்பின் ஜம்ஷெட்ஜியும் சமண வணிகர்களும் சேர்ந்து 1834இல் பம்பாய்ப் பாஞ்சராபோலை நிறுவினர். ஆதரவற்ற விலங்குகளைப் பேணும் இல்லமே பாஞ்சராபோல். அது இன்றும் நகரின் நடுவே நடைபெற்று வருகின்றது.

1845இல் இரண்டு பெரும்பணிகள் நிறைவேறின. ஜம்ஷெட்ஜியின் பொருளுதவியால் எழுந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் துணைவியார் ஆவாபாய் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் தந்து அமைத்த மாஹிம் கரைப்பாதை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே படகில் கடப்போர் மழைக்காலத்தில் பெருந்துன்பம் உற்றனர். அரசு பணம் ஒதுக்க முன்வரவில்லை. அம்மையார் முன்வந்தார். கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. நம் பெண் வாசகர்கள் இதனைச் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே தலைமுறையைச் சேர்ந்த ஜகந்நாத் சங்கர்சேட் (1803–1865) கல்விக்கு உழைத்தவர். பெண் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதைச் சமூகம் எதிர்த்த நாளில் தம் இல்லத்திலேயே அவர்கள் படிக்க இடம் தந்தார். இருப்புப்பாதை அமைக்க முதன்முதலில் முயன்றோருள் அவரும் ஜம்ஷெட்ஜியும் இருந்தனர். 1853 ஏப்பிரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் தொலைவு இந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது.

கணக்கேட்டின் மறுபக்கம்

இதுவரை கூறியவற்றை அன்று வகுப்பிலும் கூறினோம். கூறாமல் விட்டதை இனிக் கூறுவோம்.

ஜம்ஷெட்ஜி நிறுவனத்தின் சீன வாணிகத்தில் பருத்தியும் அபினியும் முதன்மைப் பொருள்கள். மாளவப் பகுதியில் விளைந்த அபினி, பம்பாய்த் துறையிலிருந்து காண்டன் நகருக்கு ஏற்றுமதியாயிற்று. சீன அரசு அபினியைத் தடைசெய்திருந்தது. ஆகவே கள்ளத்தனமாகவே அது கரையேறியது. 1839இல் லின் சேசூ என்னும் சீன அதிகாரி இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதனைக் காரணம் காட்டி ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். தோல்வியுற்ற சீனம் 1842இல் நான்கிங் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. அக்கையொப்பம் நடந்த இடம் எது தெரியுமா? பம்பாய்த் தச்சர்கள் தேக்கில் கட்டிய அதே 'கார்ன்வாலிசு' கப்பலின் மேல்தான்.

தச்சர் எதனையும் அறியார். அவர் கப்பலைத்தான் கட்டினார். ஆனால் வணிகர் அறிவர். தாம் அனுப்பும் பெட்டியில் இருப்பது என்ன, அதனை உண்பவன் என்ன ஆவான் என்பது அக்காலத்திலேயே மறைபொருள் அன்று. நம் நூல்கள் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இல்லறத்தார் மேற்கொள்ளலாகாத தொழில்கள் என்று ஹேமசந்திரரின் யோகசாஸ்திரம் பதினைந்தினை எண்ணுகின்றது. நஞ்சு வாணிகம் அவற்றுள் ஒன்று. அந்நூல் தோன்றியது 12ஆம் நூற்றாண்டில். ஆகவே 'அக்காலத்தில் எல்லோரும் செய்தார்கள்' என்று கூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. எல்லோரும் செய்தார்கள் என்பது உண்மை. ஆங்கிலக் கம்பெனியே அதன் பெரும்பயனைப் பெற்றது என்பதும் உண்மை. ஆனால் விலக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதும் உண்மையே.

பங்கு வெறியும் மணிக்கூண்டும்

இனி இரண்டாம் சமணரைக் காண்போம். பிரேம்சந்த் ராய்சந்த் 1831இல் சூரத்தில் பிறந்தவர். பம்பாயில் ஆங்கிலம் கற்றுத் தரகுத் தொழிலில் இறங்கினார். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்கு வருவது நின்றது. இந்தியப் பருத்தியின் விலை வானளாவ ஏறியது. பம்பாயில் பொன் மழை பொழிந்தது.

அப்பணத்தை என் செய்வது என்று அறியாமல் மக்கள் புதுப்புதுக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கினர். அவற்றுள் புகழ்பெற்றது பேக்பே தூர்ப்புக் கம்பெனி. நகரின் மேற்கிலுள்ள வளைகுடாவைத் தூர்த்து நிலமாக்கி விற்பது அதன் திட்டம். நிலம் இன்னும் கடலுக்கு அடியில் இருந்தது. பங்கின் விலையோ செலுத்திய தொகையைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. இவ்வாரவாரத்தின் நடுநாயகமாக இருந்தவர் பிரேம்சந்த். அவர் சொல்லுக்கு வங்கிகள் கடன் கொடுத்தன. வணிகரும் எழுத்தரும் பணியாளரும் கடன்பட்டுப் பங்கு வாங்கினர்.

1865 ஏப்பிரலில் அமெரிக்கப் போர் ஓய்ந்தது. பருத்தி விலை சரிந்தது. கணக்குத் தீர்க்க வேண்டிய நாளாகிய 1865 சூலை முதல் நாளன்று கொடுக்க எவரிடமும் பணம் இல்லை. கம்பெனிகள் வீழ்ந்தன, பம்பாய் வங்கி மூழ்கியது. எண்ணற்ற குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பிரேம்சந்தும் எல்லாவற்றையும் இழந்தார்.

ஆனால் ஒன்றினை அவர் இழக்கவில்லை. 1864ஆம் ஆண்டிலேயே பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் கட்ட இரண்டு இலட்சமும், அதனோடு ஒரு மணிக்கூண்டு எழுப்ப மேலும் இரண்டு இலட்சமும் கொடுத்துவிட்டிருந்தார். கொடுத்துவிட்ட பொருள் அவருடையது அன்று. ஆதலின் வீழ்ச்சி அதனைத் தொடவில்லை. 1869இல் தொடங்கிய கட்டடம் 1878இல் நிறைவுற்றது. அவர் விருப்பப்படி மணிக்கூண்டுக்கு அவர் தாயார் பெயரால் ராஜாபாய் கோபுரம் எனப் பெயரிட்டனர். கண்பார்வை இழந்த அவ்வம்மையார் கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்பு தவறாதிருக்க, மணியோசை நேரம் அறிவித்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. 2018இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட மும்பைக் கட்டடத் தொகுதியில் அக்கோபுரமும் நூலகமும் அடங்கும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் இரண்டு இலட்சம் தந்தார். அவர் பெயரால் அமைந்த ஆய்வுப் பரிசு அங்குப் பல தலைமுறை அறிஞரை ஊக்குவித்தது.

வீழ்ந்தபின் பிரேம்சந்த் நகரைவிட்டு ஓடவில்லை. மீண்டும் தொழிலைத் தொடங்கினார். 1875இல் பங்குத் தரகர் சங்கம் அமைந்தபோது அதனை நிறுவியோருள் ஒருவராக இருந்தார். 1906இல் மறைந்தார்.

வினாவிற்கு விடை

இப்போது அம்மாணவியின் வினாவிற்கு வருவோம். 'அபினி விற்ற பணத்தில் செய்தால் அது தானம் ஆகுமா?'

நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர்: உணவு, மருந்து, நூல், அடைக்கலம். பம்பாய் முன்னோடிகளின் பணிகளை இவ்வரிசையில் வைத்துப் பாருங்கள். மருத்துவமனை மருந்துத் தானம். பல்கலைக்கழக நூலகம் நூல் தானம். பாஞ்சராபோல் அடைக்கலத் தானம். அங்கு விலங்குகளுக்கு இடும் தீனி உணவுத் தானம். நான்கும் உள்ளன. அம்மருத்துவமனையில் உயிர் பிழைத்தவனின் பிழைப்பு பொய்யன்று. அந்நூலகத்தில் கற்றவனின் கல்வியும் பொய்யன்று. எனவே அவை தானமே. இது விடையின் முதற் பாதி.

மறுபாதியும் உண்டு. நல்வினை தீவினையை அழித்துவிடும் என்று நம் அறம் கூறவில்லை. இரண்டும் தனித்தனியே உயிரைப் பற்றித் தத்தம் பயனைத் தந்தே கழியும். வணிகர் வீட்டுக் கணக்கேட்டில் வரவை ஒருபுறமும் பற்றை ஒருபுறமும் எழுதுவர். வரவு மிகுந்தது என்பதற்காகப் பற்றுப் பக்கத்தைக் கிழித்தெறியும் கணக்கர் உண்டோ? பம்பாயில் கட்டிய மருத்துவமனை, காண்டனில் அபினிக்கு அடிமையாகி அழிந்தவனுக்கு மருந்தாகவில்லை. நோயுற்றோர் ஓரிடத்தில் நலம் பெற்றனர். வேறோரிடத்தில் நலமாக இருந்தோர் நோயுற்றனர். இரண்டும் எழுதப்பட வேண்டும்.

இதனால்தான் ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாகிய பொருள்வரைதலைப் பெரியோர் வற்புறுத்தினர். 'இவ்வளவு போதும்' என்று முன்கூட்டியே எல்லை வகுத்துக்கொள்ளும் நோன்பு அது. எல்லை வகுத்தவனுக்கு நஞ்சு விற்கும் தேவை எழாது. கடலுக்கு அடியிலுள்ள நிலத்தின் பங்கைக் கடன்பட்டு வாங்கும் ஆசையும் எழாது. தானம் பொருள் செல்லும் வழியைச் செம்மை செய்கின்றது. பொருள்வரைதல் பொருள் வரும் வழியைச் செம்மை செய்கின்றது. முன்னது இருந்து பின்னது இல்லாதபோது என்ன நிகழும் என்பதற்குப் பம்பாய் வரலாறே பாடம்.

ஆசிரியராக நாம் செய்த பிழை ஒன்றுண்டு. நம் சமயத்தார் இருவர் பெயர் வந்தமையால் பெருமைப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினோம். குறையைச் சொன்னால் முன்னோர்க்கு இழுக்கு வந்துவிடும் என்று அஞ்சினோம். அஃது அவர்களுக்குச் செய்த மதிப்பு அன்று. மெய்ம்மை குறைந்த புகழுரையும் பொய்யாமை நோன்புக்கு மாறானதே. மேலும், கேட்ட சிறுமியின் நெஞ்சில் இருந்த அறவுணர்வை நாமே அன்று மதியாது விட்டோம். இன்று நாற்பது வயதைக் கடந்திருக்கும் அம்மாணவி இதனைப் படிக்க நேர்ந்தால், அவள் கேட்டது சரியான கேள்வி என்று அறிந்துகொள்வாளாக.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பை சென்றபோது பைகுல்லா ஜினாலயத்தில் ஆதிநாதரை வழிபட்டோம். மாலையில் ராஜாபாய் கோபுரத்தின் எதிரே நின்றோம். மணி ஒலித்தது. அதனைக் கேட்டு எத்தனையோ பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விரைந்து சென்றனர். கோபுரம் யார் பணத்தில் எழுந்தது என்று அவர்கள் அறிய வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை முழுவதும் சொல்லவும் வேண்டும்.

இல்லத்தில் பிள்ளைகளோடு பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நீமா பாரக் குடியேறுவதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பெற்ற உறுதிமொழிகள் யாவை? நீங்கள் புதிய ஊருக்குக் குடிபோவதாயின் எவற்றைக் கேட்பீர்கள்?

2. ஹார்ன்பியின் கரையால் பயன் பெற்றோர் யார்? இழப்பு அடைந்தோர் யார்?

3. நால்வகைத் தானங்களுள் உங்கள் ஊரில் எவை நடைபெறுகின்றன? அவற்றுக்குப் பொருள் தருவோர் யாவர்?

4. பிரேம்சந்த் இழந்த பொருளுக்கும் கொடுத்த பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொற்களில் கூறுக.

5. உங்கள் குடும்பத்துக்குப் பொருள்வரைதல் நோன்பின் எல்லை எது? பெரியோரும் சிறியோரும் கூடியிருந்து ஒருநாள் அதனைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

இறுதி வினாவிற்கு நாமும் நம் இல்லத்தில் விடை எழுதத் தொடங்கியுள்ளோம், இன்னும் முடிக்கவில்லை.

அறம் வளர்க!